பிரகாசியின் வலி வீடுவீடாகப் போன காலம்

செபமாலை மாதமான அக்டோபரில் மாதா சுரூபத்தை வீட்டுக்கு ஒரு நாள் என்று அழைத்துப் போய்த் தங்க வைப்பது இன்னாசியார்பட்டி வழக்கம். அப்படிச் சந்தியாகுவின் வீட்டில் தங்கியிருந்த மாதா, மறுநாள் மாலை மெழுகுவர்த்திகளோடும் பாட்டோடும் அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டபோது, சந்தியாகுவின் மனைவி பிரகாசியின் இடுப்பில் மாசி மாதத்திலிருந்து குடியிருந்த வலியும் எழுந்து கூடவே போய்விட்டது.

விருந்துக்கு வந்தவர் கிளம்பும்போது செருப்பைத் தேடுவதுபோல அது இடுப்புக்கும் விலாவுக்கும் நடுவில் சற்று நேரம் துழாவியது. பிறகு தொடை வழியாக இறங்கி, வாசலில் கூட்டம் பாட்டின் இரண்டாவது அடியை எடுத்த நேரத்தில் படியைத் தாண்டியது. பிரகாசி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். அடுப்படிக்குப் போய், காலையில் யாரோ கொண்டுவந்து மூடி வைத்திருந்த இட்லியில் இரண்டை எடுத்து நின்றபடியே தின்றாள். அவள் இப்படிப் பசித்துத் தின்று வெகுநாளாகியிருந்தது.

பக்கத்து வீட்டில் செங்கோலம்மாள், பூவேலை செய்த துணி விரித்த மேசைமேல் மாதாவை இறக்கி வைத்துவிட்டு முழந்தாளிட்டவள், அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தாள். செங்கோலம்மாள் அந்தத் தெருக் கிறித்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியத்தின் தலைவி, பிள்ளைகளையெல்லாம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவள், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். தைலம் எடுக்க ஓடியவர்களைக் கையமர்த்தி நிறுத்தினாள்.

"பதறாதீங்க. இது எனக்கு வந்த வலியில்ல. நம்ம பிரகாசியோடது."

எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வலி சாயங்கால டீ நேரத்தில் இடுப்பில் தொடங்கி, விளக்கேற்றும்போது முதுகுக்கு ஏறி, சற்று இறங்குவதுபோல் பாவனை காட்டி மறுபடி ஏறுவதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தெருவில் ஒருவர் நடந்து வரும் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவதுபோல அதை அவர்களால் அடையாளம் சொல்ல முடிந்தது. மறுநாள் மாலை மாதா செங்கோலம்மாள் வீட்டிலிருந்து சந்தியாகுவின் சித்தப்பா மகன் அருளப்பன் வீட்டுக்குப் போனபோது, அதுவும் அருளப்பன் வீட்டுக்குப் போனது.

இன்னாசியார்பட்டி, கம்பம் பள்ளத்தாக்கில் மலையை ஒட்டிக் கிடக்கிற திராட்சை ஊர். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, அந்தப் பந்தலின் கீழே ஆயுசில் பாதியைக் குனிந்தே கழித்துவிடுகிற ஜனங்கள். மழைக்குப் பழம் வெடிப்பதற்கும் வெயிலுக்குக் கொடி காய்வதற்கும் காரணம் தேடி அலுத்துப்போனவர்கள் என்பதால் இதற்கும் அவர்கள் காரணம் தேடவில்லை. யார் வீட்டுக்கு எந்த நாள் என்பதை மட்டும் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கஸ்பார் பீடத்தின் படியில் நின்று சொன்னார்:

"வந்திருக்கிறது என்னன்னு எல்லாருக்கும் தெரியும். என்னால முடியாதுன்னு நினைக்கிறவங்க செங்கோலம்மாகிட்ட இப்பவே சொல்லிடலாம். சொல்றது பாவமில்ல."

கோயிலுக்குள் யாரும் சொல்லவில்லை. வெளியே செருப்பு மாட்டும்போது சிலர் சொன்னார்கள். செங்கோலம்மாள் அவர்கள் பெயரை மனசுக்குள் வாங்கி வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மருந்தடிக்க ஆள் சொல்லியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக் கொடு என்றார் ஒருவர்; பெண் பார்க்க வருகிறார்கள், அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்றாள் ஒருத்தி. வலி தங்கும் வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டுவதில்லை என்று ஒரு முறை தானாக உண்டாயிற்று. எதிர்வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தன. மாதாவுக்கு முன்னால் முதலில் யார் முழந்தாளிடுகிறார்களோ அவர்களிடம்தான் அது போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, ஒவ்வொரு வீட்டிலும் அன்று யார் வாங்குவது என்று காலையிலேயே பேசி முடித்தார்கள். மாமியாரைக் குளிப்பாட்டிப் புதுச் சேலை கட்டி முதலில் முழந்தாளிட வைத்த மருமகள் ஒருத்தியும் ஊரில் இருந்தாள். கோயிலில் ஒன்றும் சொல்லாமல், தன் முறை வந்த அன்றைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போய்விட்ட பிலவேந்திரனும் இருந்தான். திரும்பி வந்தபோது மாதா அவன் வாசலில் அணையாத மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தாள். வலி, தாயைத் தொலைத்த கன்றுக்குட்டி மாதிரி படியில் படுத்திருந்தது. அவன் பூட்டைத் திறந்து இரண்டையும் உள்ளே அழைத்துப் போனான். மறுநாள் பந்தலடியில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "இதுக்கு என் மாமியார் எவ்வளவோ தேவலைப்பா" என்றான்.

டீக்கடை கருப்பையா மட்டும் செங்கோலம்மாளிடம் கோபித்துக்கொண்டான். அவன் குலசாமி கும்பிடுகிறவன். அன்பியத்தில் அவன் வீடு கிடையாது.

"ஏன்க்கா, கிறித்தவங்க வீட்டுக்குத்தான் வருமா? பிரகாசியக்கா கையால நான் எத்தனை வருசம் பொங்கலும் கேக்கும் தின்னுருக்கேன். எனக்கு அவங்க யாரோவா?"

"மாதாவுக்கு முன்னாடி முழந்தாள் போடணும்டா தம்பி."

"போட்டாப் போச்சு. பாய்லர் அடியில தீ தள்ள தினமும் முழந்தாள்தான போடுறேன்."

அப்படியாக மாதா ஒரு நாள் டீக்கடையிலும் தங்கினாள். கருப்பையா மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருக்க, வந்தவர்கள் அவரவர் டீயை அவரவரே ஆற்றிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

வலி போய்விட்டதே தவிர, நோய் போகவில்லை. அது பிரகாசியின் மார்பில் தொடங்கி எலும்புக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்று மதுரை டாக்டர் சொல்லி ஏற்றுகிற சொட்டு மருந்தில் அவள் முடி கொத்தாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் நடமாடினாள். விடிந்ததும் முதல் வேலையாகத் தன் வலி தங்கியிருக்கும் வீட்டுக்குப் போவாள். பிறத்தியார் வீட்டில் விட்டிருக்கிற பிள்ளையைப் பார்க்கப் போகும் தாயைப் போல, கொஞ்சம் கூச்சத்தோடு வாசலில் நின்று, "எப்படி இருக்கு? ரொம்பப் படுத்துதா?" என்பாள். பிறகு உள்ளே போய்ப் படுத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

"வலப்பக்கமா படுக்காதீங்க, அதுக்குப் பிடிக்காது. முழங்காலுக்கு நடுவுல தலையணை வைங்க. உப்பு வறுத்து ஒத்தடம் குடுக்கலாம், ஆனா முதுகுக்கு ஏறுறதுக்கு முன்னாடி குடுக்கணும். ஏறிட்டா ஒண்ணும் செய்ய முடியாது, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

அருளப்பன் ஊரிலேயே வாய் அதிகமானவன், ஆனால் அவன் முறை வந்த அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். "மதினி," என்றான் திரும்பாமலே. "இதை இடுப்புல வச்சுக்கிட்டா ஈஸ்டருக்கு எங்க எல்லாருக்கும் பிரியாணி ஆக்கிப் போட்டீங்க?"

"உப்பு கம்மின்னு சொன்னியேடா."

"அந்த வாயில கொள்ளியை வைக்க."

அவள் சிரித்தாள். அவள் சிரிக்கும்போது தன் முதுகில் அது ஒரு கணம் தலைதூக்கிக் கேட்டது என்று அருளப்பன் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான்.

வலி வந்து போன வீட்டுக்காரர்கள் புண்ணியவான்களாகிவிடவில்லை. வாய்க்கால் தண்ணீர் முறைக்கு முன்போலவே மண்வெட்டியைத் தூக்கினார்கள்; கோயில் பெருவிழாவில் சப்பரத்தின் முன்கொம்பை யார் தூக்குவது என்பதில் முன்போலவே இரண்டு பட்டார்கள். ஆனால் பிரகாசியின் வீட்டைக் கடக்கும்போது சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவளைப் பார்த்ததும் சொல்கிற, 'எல்லாம் சரியாயிரும்' என்ற பேச்சை விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சந்தியாகு நாளுக்கு நாள் உள்ளுக்குள் ஒடுங்கினார்.

சந்தியாகு செபத்துக்குப் பெயர் போனவர். கோயிலில் வாசகம் வாசிப்பவர் அவர்தான். துக்க வீடுகளில் செபமாலை தொடங்கி வைப்பவரும் அவர்தான். பிரகாசிக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து மாலைதோறும், அவள் உள்ளறையில் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கும் நேரத்தில், அவர் முன்னறையில் திரு இருதயப் படத்துக்கு முன்னால் வெறுந்தரையில் முழந்தாளிட்டு, ஆண்டவரே அந்த வலியை எனக்குக் கொடும், அவளுக்கு வேண்டாம், எனக்குக் கொடும் என்று மன்றாடுவார். அவள் முனகல் உயர்ந்தால் அவர் குரலும் உயரும். முழந்தாள் தோல் காய்த்துக் கறுத்துப்போயிருந்தது. இப்போது ஆண்டவர் அந்த மன்றாட்டைக் கேட்டேவிட்டார். அவளிடமிருந்து எடுத்துவிட்டார். எடுத்ததைச் செங்கோலம்மாளுக்குக் கொடுத்தார், அருளப்பனுக்குக் கொடுத்தார், ஓடி ஒளிந்த பிலவேந்திரனுக்குக் கொடுத்தார், தம் பெயரைக்கூடச் சொல்லி அழைக்காத கருப்பையாவுக்குக் கொடுத்தார். கேட்டவருக்கு மட்டும் கொடுக்கவில்லை.

தங்கிய வீட்டுக்காரர்தான் மாதாவை அடுத்த வீடு வரை கைகளில் ஏந்திப் போக வேண்டும் என்பது முறை. சந்தியாகு ஒவ்வொரு மாலையும் போய் நின்று, "இன்னைக்கு நான் தூக்குறேன்பா, எனக்காக விட்டுக்குடு" என்று கெஞ்சி வாங்கினார். மாதாவை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். வலி அவர் பக்கத்திலேயே, கால் முட்டியை உரசுகிற நாயைப் போல இதமான சூட்டோடு நடந்து வந்தது. வா என்று மனசுக்குள் கூப்பிட்டார். அது அடுத்த வீட்டு வாசல் வரை வந்து உள்ளே போய்விடும். பிறத்தியார் வீட்டில், வீட்டுக்காரருக்கு முன்பாக முந்திக்கொண்டு முழந்தாளிட்டும் பார்த்தார். அது அவரைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டாவதாக முழந்தாளிட்டவரிடம் ஏறிற்று. அன்று அந்த வீட்டுக்காரர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அவர் பார்த்தார்.

திராட்சைப் பந்தலின் கீழே தனியாக நின்று கவாத்து வெட்டும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. எனக்குக் கொடும் என்று கேட்டபோதெல்லாம் நான் உண்மையிலேயே கேட்டேனா? அந்தச் சொற்களைச் சொல்லி முடித்து எழும்போது, உடம்பில் ஒன்றும் மாறாதிருப்பதைக் கண்டு உள்ளே எதுவோ நிம்மதியாக மூச்சு விட்டதே, அது என்ன? கத்திரி தன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போனது. விட வேண்டிய மொட்டையும் சேர்த்து வெட்டிவிட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தார்.

மதுரைக்குச் சொட்டு மருந்து ஏற்றப் போனபோது டாக்டரம்மா வழக்கம்போல், "இப்ப எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார்.

"இன்னைக்கு எங்க ஊரு பள்ளிக்கூட டீச்சர் வீட்டுல இருக்குங்க டாக்டர்," என்றாள் பிரகாசி.

டாக்டரம்மா சந்தியாகுவைப் பார்த்தார். சந்தியாகு, ஆமாம் என்று தலையசைத்தார்.

"பாவம், அவங்களுக்குப் பரீட்சை வேற நடக்குது," என்று பிரகாசி சேர்த்துச் சொன்னாள்.

அக்டோபர் முடிந்தால் மாதாவைப் பவனியாகக் கொண்டுபோய்க் கோயில் பீடத்தில் திரும்ப வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டால் வலி எங்கே போகும்? அன்பியக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்ததும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதனால் மாதாவைத் திரும்ப வைக்கவில்லை. மாதாவின் மாடம் வெறுமையாக இருக்க, நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்து போயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிற்று. ஊரில் அக்டோபர் மட்டும் முடியாமலே நடந்துகொண்டிருந்தது. கஸ்பார் சாமியார் தடுக்கவில்லை. அவர் பங்களாவிலும் அது ஒரு நாள் தங்கிவிட்டுப் போயிருந்தது.

முடியாதென்றவர்கள் வீடு போக மற்ற எல்லா வீடும் சுற்றி முடிந்து இரண்டாம் சுற்று தொடங்கியபோதுதான் சந்தியாகுவுக்கு ஒன்று தெரிந்தது. அவர் வீட்டுக்கு முந்தைய வீட்டிலிருந்து கிளம்பிய பவனி, அவர் வாசலில் நிற்காமல், பாட்டைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, நேராகச் செங்கோலம்மாள் வீட்டுக்குப் போனது.

"அக்கா, எங்க வீடு?" என்றார் சந்தியாகு, தெருவில் ஓடி வந்து.

"உங்க வீட்டுக்கு வந்தா அது பிரகாசிகிட்டத்தான தம்பி போகும்? நோயாளி வீடு. தாண்டித்தான் போகணும்னு நாங்களே பேசிக்கிட்டோம்."

"எங்கிட்ட வரலாம்ல?"

செங்கோலம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "வரலாம்," என்றாள். "வராமலும் போகலாம்ல. பந்தயம் வைக்கிறதுக்கு அவ உடம்பா கிடைச்சுது?"

அன்பினால் செய்ததுதான். அந்த அன்பினால் ஊரிலேயே, கேட்டும் மாதா வராத ஒரே வீடாக அவர் வீடு ஆயிற்று. தனக்குள் அந்த எதுவோ மறுபடி மூச்சு விட்டதை அவர் கேட்டார்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு காலையில் பிரகாசி, பழம் இருந்த மற்றொரு பந்தலைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனாள். வாய்க்கால் கரை சாரலில் நனைந்து வழுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, வெடித்த பழங்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்து வந்து சோறு வடித்தாள். நாலு வீடு தள்ளித் தன் வலியைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். மத்தியானம் தட்டை நீட்டும்போதுதான் சந்தியாகு பார்த்தார். அவள் முகம் அவரைப் பார்த்திருந்தது, இடது பாதம் கதவைப் பார்த்திருந்தது.

"பிரகாசி, காலை அசைக்காத."

"ஏங்க?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து பார்த்தவள், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

நோய் அரித்திருந்த தொடை எலும்பு இடுப்பருகில் ஒடிந்திருந்தது. ஒடிந்த பிறகு நடந்த நடையில் அது இன்னும் விலகியிருந்தது. மதுரையில் தகடு வைத்துப் பொருத்தினார்கள். டாக்டரம்மா இந்தத் தடவை சந்தியாகுவை மட்டும் வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார்: "வலி இருந்திருந்தா இவங்க ஒரு அடி எடுத்து வச்சிருக்க மாட்டாங்க. எனக்கும் மருந்து எங்க வரைக்கும் கேட்டிருக்குன்னு தெரிஞ்சிருக்கும். வலியை அடக்கறதுக்கு எங்கிட்ட மாத்திரை இருக்கு. ஆனா அது இருக்கிற இடம் எனக்குத் தெரியணும்."

வீடு திரும்பிய அன்றைக்கே பிரகாசி சொன்னாள்: "என்னங்க, மாதாவை நம்ம வீட்டுக்குக் கூப்பிடுங்க."

"அதை மட்டும் சொல்லாத."

"அது என்னோடது. ஊரு உலகமெல்லாம் அதை நல்லாத்தான் வச்சிருந்தாங்க. ஆனா அது இல்லாம எனக்கு என் உடம்பு எங்க இருக்குன்னு தெரியல. இருட்டுல சாமான் தேடுற மாதிரி இருக்கு."

சந்தியாகு கஸ்பார் சாமியாரிடம் போனார். சாமியார் தோட்டத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தோத்திரம் சாமி. மாதாவைக் கூப்பிடச் சொல்றா."

"கூப்பிடு."

"அது அவகிட்டத்தான் போகும் சாமி."

"உங்கிட்ட வரும்னு நீ நம்பலையா?"

ஊரறிந்த தன் குரலில், நம்புகிறேன் என்று சொல்வது சந்தியாகுவுக்கு எளிது. "நம்புறேன்னு சொல்ல வாய் வருது சாமி," என்றார். "வாய்க்குப் பின்னாடி யாரும் இருக்கிற மாதிரி தெரியல."

சாமியார் கீரைக் காம்பைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டார்.

"எங்கிட்ட அது தங்கின அன்னைக்கு எனக்கு ஒரு அருள்நிறை மந்திரம்கூட முழுசாச் சொல்ல வரல, தெரியுமா? இத்தனை வருசம் பூசை வச்ச ஆளு. உன் வீட்டுக்காரிதான் வந்து உக்காந்திருந்தா. அவளும் செபம் ஒண்ணும் சொல்லல. இப்ப எங்க இருக்கு சாமி, இப்ப எங்க இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். விடிஞ்சிருச்சு."

பிறகு சாமியார் கீரையில் பாதியைத் துணியில் முடிந்து, பிரகாசிக்குக் கொடு என்று கொடுத்தனுப்பினார்.

மாதாவை அழைத்துவந்த மாலையில் தெரு முழுக்க ஜனம் நின்றது. பாட்டை யாரும் எடுக்கவில்லை. அருளப்பன் வழிமறித்து நின்று, "அண்ணே, இன்னொரு சுத்து நாங்க பாத்துக்கிறோம்ணே. எனக்கு அது பழகிருச்சு" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததால் அதை யாரும் கேலி செய்யவில்லை. சந்தியாகு அவனை மெதுவாக விலக்கிவிட்டு, மாதாவை ஏந்தியபடி தன் வீட்டுப் படியேறினார். உள்ளறையிலேயே, கட்டிலுக்கு எதிரே முக்காலியில் இறக்கி வைத்தார். கட்டுப்போட்ட காலோடு பிரகாசியால் முழந்தாளிட முடியாது. அந்த வீட்டில் முழந்தாளிட அவர் ஒருவர்தான். அவர் முழந்தாளிட்டார். ஜன்னலுக்கு வெளியே அத்தனை பேரும் மூச்சை அடக்கி நின்றார்கள்.

வலி வாசல் நிலையில் சற்று நின்றது. பிறகு அவர் தோள்மேல், தெரிந்தவர் தட்டிக்கொடுத்துப் போவதுபோல் ஒரு கணம் பட்டு, கட்டிலுக்குப் போய்விட்டது.

"வந்துருச்சு," என்றாள் பிரகாசி. முகம் சுருங்கியது, கை கட்டில் சட்டத்தைத் தேடிப் பிடித்தது. ஆனாலும் அவள் குரலில், புகுந்த வீட்டிலிருந்து மகள் வந்து இறங்கியதைப் பார்க்கும் தாயின் சாயல் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே செங்கோலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

சந்தியாகு எழவில்லை. ஏன் என்று கேட்டார். குரல் உயரவில்லை. மாதா தன் கைகளை விரித்தபடி அப்படியே நின்றாள். பின்னால் கட்டிலில் முனகல் தொடங்கியிருந்தது. அது உயர்ந்தபோது பழக்கத்தில் அவர் வாயும் திறந்தது, சொற்கள் தொண்டை வரை வந்தன. அப்போது பிரகாசி கூப்பிட்டாள்.

"செபத்தை அப்புறம் சொல்லிக்கலாம். இங்கிட்டு வாங்களேன்."

அவர் முழந்தாளாலேயே நகர்ந்து கட்டிலருகே வந்தார். இத்தனை மாதத்தில் இந்த நேரத்தில் இந்த அறைக்குள் தான் இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

"எங்க இருக்கு?" என்று கேட்டார்.

ஊரிலுள்ள எல்லோரும் பதில் அறிந்த கேள்வி அது. அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவள் அவர் கையை எடுத்து, கட்டுக்கு மேலே, இடுப்பெலும்பின் முனையில் வைத்தாள்.

"இங்கதான் முதல்ல. இப்ப உள்பக்கமா போகுது. கொஞ்சம் மேல. அங்க இல்ல, இன்னும் மேல. அழுத்தாதீங்க. சும்மா வைங்க."

அவர் வைத்தார். அது நகர்ந்தபோது அவள் சொன்னாள், அவர் கை நகர்ந்தது. இடம் தவறினால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டே திட்டினாள். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை விழுங்க வைத்தார். உப்பு வறுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். சூடு அதிகம் என்று அதற்கும் திட்டு வாங்கினார். முதுகுக்கு ஏறிவிட்டால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவள் சொன்னதால், பேசத் தெரியாத சந்தியாகு பேசினார். கவாத்தில் மொட்டையும் சேர்த்து வெட்டியதைச் சொன்னார். பிறத்தியார் வீட்டில் முந்திக்கொண்டு முழந்தாளிட்டதையும், அந்த வீட்டுப் பெண் சிரித்ததையும் சொன்னார். வலிக்கு நடுவே பிரகாசிக்கும் சிரிப்பு வந்தது. "எல்லாம் எனக்கு எப்பவோ தெரியும். ஊரே சொல்லிச் சிரிச்சுது," என்றாள்.

மறுநாள் மாலை மெழுகுவர்த்திகளோடு ஊர் வந்து வாசலில் நின்றது. மாதா செங்கோலம்மாள் வீட்டுக்குப் போக வேண்டும். செங்கோலம்மாள் தலைக்குக் குளித்து, அடுப்பை அணைத்துவிட்டுத் தயாராக வந்திருந்தாள்.

"அக்கா, மாதாவைக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் பிரகாசி உள்ளிருந்தபடியே. "இது இருக்கட்டும். நான் சொல்லிட்டேன் அதுகிட்ட."

"கேக்குமாடி அது?"

"என் வலிதானக்கா. கேக்கும்."

செங்கோலம்மாள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். சந்தியாகு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கை பிரகாசியின் விலாவுக்குக் கீழே இருந்தது. "தம்பி, வீட்டுக்காரர்தான தூக்கணும். வந்து எடுங்க," என்றாள்.

சந்தியாகு மாதாவைப் பார்த்தார். தினமும் கெஞ்சிக் கெஞ்சி வாங்கித் தூக்கியவர் அவர். இன்றைக்குத்தான் அது உண்மையிலேயே அவர் முறை.

"அருளப்பா, நீ தூக்கு," என்றார். "என் கை இங்க வேணும்."

அருளப்பன் வந்து, இரண்டு பேரையும் நேராகப் பார்க்காமல், மாதாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். கூட்டம் விலகி வழிவிட்டது. படி தாண்டும்வரை எல்லோரும் பிரகாசியின் முகத்தையே பார்த்தார்கள். அதில் ஒன்றும் மாறவில்லை. பிறகு யாரோ பாட்டை எடுத்தார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்; மெழுகுவர்த்திகள் தெருவில் இறங்கின. பாட்டின் இரண்டாவது அடி செங்கோலம்மாள் வீட்டுத் திருப்பத்தில் கேட்டது.

"இப்ப முதுகுக்கு..." என்று தொடங்கினாள் பிரகாசி.

"தெரியுது," என்றார் சந்தியாகு. அவள் சொல்வதற்கு முன்பே கை அங்கே போயிருந்தது.